மைக்கை எடுத்துவிட்டுக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊட்டியில் சமீபத்தில் நடந்த இரட்டை சாக்ஸபோன் கச்சேரியைப் பற்றி உதகை வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை வெளியிட்டிருந்தீர்கள். காது கிழிந்தது, ராகமும் இல்லை தாளமும் இல்லை, இதற்குப் பதிலாக உள்ளூர் படுக இசைக்குழுவை மேடையேற்றியிருக்கலாமே என்பது அவருடைய ஆதங்கம். அவரோடு எனக்குச் சண்டை எதுவும் கிடையாது. காது கிழிந்தது உண்மை, எனக்கும் கிழிந்தது. ஆனால் கிழித்தது சாக்ஸபோன் அல்ல, இடைவேளைக்கு அப்புறம் கொண்டுவந்து வைத்தார்களே மைக்கும் ஸ்பீக்கர் பெட்டியும், அவைதான். சேரிங்கிராஸ் நெரிசலில் வண்டி மாட்டிக்கொண்டு பாதியில்தான் போய்ச் சேர்ந்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். அதாவது மைக் இல்லாமல் நடந்த முதல் பாதியை அவர் கேட்கவே இல்லை. நான் இரண்டு பாதியையும் கேட்டவன் என்பதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள், வெட்ட வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் இசை விமர்சகன் இல்லை. ராணுவ பேண்டில் கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்தவன், அப்புறம் ஆல்டோ சாக்ஸபோனுக்கு மாற்றப்பட்டேன், மைதானங்களில் மார்ச் வாசித்தே காலத்தை ஓட்டினேன். ஓய்வுக்குப் பிறகு வெலிங்டன் பக்கம் வீடு. ஊதும் முனையில் அதிர்கிற நாணல் துண்டான ரீடு எப்போது மக்கர் பண்ணும், எந்தக் குளிரில் துளையை மூடும் எந்த பேட் துளையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் தெரியும். இந்தக் கடிதத்தில் என் தகுதி அவ்வளவுதான்.

முதலில் ஒரு திருத்தம். வாசகரும் எழுதியிருக்கிறார், உங்கள் செய்தியிலும் அப்படித்தான் போட்டிருந்தீர்கள்: ஜாஸ் கச்சேரி என்று. அது ஜாஸ் இல்லை. சாக்ஸபோனைக் கண்டாலே ஜாஸ், இல்லையென்றால் ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு, இந்த இரண்டுக்கு மேல் நமக்குத் தோன்றுவதில்லை. கருவி பிறந்ததோ ஜாஸ் தலைகாட்டுவதற்கு அரை நூற்றாண்டு முன்னால். பெல்ஜியத்தில் தினான் என்ற ஊரில் 1814-ல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ், பாரிஸுக்குக் குடிபோய் 1846-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் குறி வைத்தது ராணுவ பேண்டை. 1845-ல் பாரிஸின் ஷாம்ப் த மார்ஸ் மைதானத்தில் பழைய பாணி பேண்ட் ஒன்றும் சாக்ஸ் செய்த கருவிகளோடு ஒரு பேண்டும் பெரிய கூட்டத்துக்கு முன்னால் போட்டி போட்டு வாசித்தன, கூட்டம் சாக்ஸ் பக்கம் சாய்ந்தது, பின்னாலேயே பிரெஞ்சு ராணுவமும் சாய்ந்தது. 1857-லிருந்து பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் ராணுவ வீரர்களுக்கு அவரே வகுப்பெடுத்தார். 1870-ல் போர் வந்து அந்த வகுப்பு மூடப்பட்டது. மறுபடி அங்கே சாக்ஸபோன் வகுப்பு திறக்க 1942 ஆயிற்று, மார்செல் மூல் ஆசிரியராக வந்தார். இடையில் மனிதர் திவாலாகி, வழக்குகளில் இழுபட்டு, 1894-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். பிஸே, ரவேல் மாதிரி இசையமைப்பாளர்கள் சிலர் அவ்வப்போது ஆர்கெஸ்ட்ராவுக்குள் இந்தக் கருவியை விருந்தாளியாகக் கூப்பிட்டார்களே தவிர வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. இருபதாம் நூற்றாண்டின் புதிய இசை வந்த பிறகுதான், இதற்கென்றே, இதன் சத்தத்தை நினைத்தே எழுதும் ஆட்கள் நிறையப் பேர் வந்தார்கள். அன்று ஊட்டியில் வாசிக்கப்பட்டது பெரும்பாலும் அந்த வகை.

சரி, கச்சேரிக்கு வருகிறேன்.

உறைபனி நாள். சின்ன ஹால், மரத் தரை, உயரமான கூரை, நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். இரண்டு பேர், ஒரு பெண்ணும் ஒரு ஆணும், இருவர் கையிலும் ஆல்டோ. பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. வந்ததும் வாசிக்கவில்லை, சுருதி சேர்த்தார்கள், சேர்த்துக்கொண்டே இருந்தார்கள், எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பொறுமையிழந்து செல்போனை எடுத்துவிட்டார். வாசகரும் இதே போல ஒன்றைக் குறையாகச் சொல்லியிருக்கிறார்: ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் சத்தமே வராமல் சும்மா ஊதிக்கொண்டிருந்தார், வேஷம் போடுகிறாரா என்று. வேஷம் இல்லை ஐயா, குளிர். ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் போகிற ஒலி, 10 டிகிரியில் 337 மீட்டர்தான் போகும். குழாயின் நீளம் மாறாதபோது வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும். இந்த 10 டிகிரிக்குக் கணக்குப்படி கிட்டத்தட்ட 30 சென்ட் இறங்க வேண்டும், ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட் என்றால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஊதுகிறவரின் மூச்சு குழாய்க்குள்ளே சூடேற்றுவதால் அவ்வளவு முழுசாக இறங்காது. ஆனால் சும்மா இருக்கிறவரின் கருவி ஆறிக்கொண்டே போகும், வாசிக்கிறவருடையது சூடாகவே இருக்கும், இரண்டும் வெவ்வேறு சுருதிக்குப் போய்விடும். ஆர்கெஸ்ட்ராவில் ஒருவர் கொஞ்சம் இறங்கினால் கூட்டத்தில் மறைந்துவிடும். இரண்டே பேர் இருக்கும் இடத்தில் எங்கே மறைவது? அதனால்தான் துளைகளை மூடித் திறக்கும் சாவிகளை எல்லாம் மூடிக்கொண்டு, சத்தம் வராமல் வெறும் மூச்சை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தார். நாங்களும் டிசம்பர் பரேடில் இதையே செய்வோம், சுபேதார் பார்த்தால் முறைப்பார், பரவாயில்லை என்று செய்வோம். இன்னொன்று, மலை உயரம் என்பதால் சுருதி இறங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. காற்றழுத்தம் குறைந்தால் சுருதி மாறாது, வெப்பம்தான் கணக்கு.

முதலில் வந்தது லெக்லேர் என்ற பிரெஞ்சுக்காரர் 18-ஆம் நூற்றாண்டில் இரண்டு வயலினுக்கு எழுதிய ஒரு சொனாட்டா. நன்றாகத்தான் இருந்தது. கை நனைக்க, காது பழக என்று வைத்திருப்பார்கள்.

அடுத்ததுதான் அன்றைய சரக்கு. ஜெர்மன் இசையமைப்பாளர் பால் ஹிண்டமித் 1933-ல் இரண்டு ஆல்டோ சாக்ஸபோனுக்காக எழுதிய கான்செர்ட்ஷ்டூக், அதாவது கச்சேரி உருப்படி. மூன்று பகுதி, மொத்தமே பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதன் பின்கதையை யாராவது மேடையில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். ஹிண்டமித் இதை எழுதிக்கொடுத்தது சிகுர்ட் ரஷேர் என்ற இளம் சாக்ஸபோன் கலைஞருக்கு. அந்த வருடம்தான் ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். சாக்ஸபோன் என்றாலே அவர்களுக்கு ஆகாது. 1938-ல் டுஸல்டார்ஃப் நகரத்தில் சீரழிந்த இசை என்று பெயர் வைத்து ஒரு கண்காட்சியே நடத்தினார்கள், அதன் சுவரொட்டியில் கேலிச்சித்திரமாகப் போட்டிருந்தது சாக்ஸபோன் ஊதும் ஒரு கறுப்பினக் கலைஞரை. ரஷேர் 1933-லேயே ஜெர்மனியை விட்டுக் கிளம்பிவிட்டார், டென்மார்க், ஸ்வீடன், கடைசியில் அமெரிக்கா. ஹிண்டமித்தும் பிற்பாடு கிளம்பினார். இந்த இரட்டை வாசிப்பு மட்டும் பெட்டிக்குள் கிடந்தது. 1960-ல்தான் முதல்முறை மேடை ஏறியது, ரஷேரோடு சேர்ந்து வாசித்தது அவர் மகள் கரீனா. எழுதியபோது துணைக்கு யாரை நினைத்து எழுதினார்களோ, 27 வருடம் கழித்துப் பெற்ற பெண்ணே துணையாக வந்து நின்றிருக்கிறாள். நம் நாயனக் குடும்பங்களில் இது சாதாரண விஷயம், அப்பாவும் பிள்ளையும் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே ஊதுவார்கள். இந்த உருப்படிக்கோ அதற்கு ஒரு யுத்தத்தைத் தாண்டி வர வேண்டியிருந்தது.

அதை அந்த ஹாலில் கேட்டபோது நடந்த ஒன்றைத்தான் வாசகருக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். இரண்டாவது பகுதி மெதுவானது. இருவரும் நீளமான சுரங்களைப் பிடித்து நிற்கும் இடங்களில், இரண்டு சாக்ஸபோனுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு சத்தம் கேட்டது. யாரும் வாசிக்காத சத்தம். பக்கத்தில் இருந்தவர் செல்போனை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்த்தார், பின்னால் யாராவது வாசிக்கிறார்களா என்று. மாயம் ஒன்றும் இல்லை. பலமான இரண்டு சுரங்கள் ஒன்றாகக் காதுக்குள் விழுந்தால், அவற்றின் அதிர்வெண் வித்தியாசத்தில் மூன்றாவது ஒரு சுரத்தைக் காதே உண்டாக்கிக்கொள்ளும். கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்குச் சுலபமாகப் புரியும்: ஷட்ஜமமும் பஞ்சமமும் 2-க்கு 3 என்ற விகிதம். ஷட்ஜமம் 440 என்றால் பஞ்சமம் 660, வித்தியாசம் 220, அதாவது கீழ் ஸ்தாயி ஷட்ஜமம். இரண்டு பேர் மேலே ச-வும் ப-வும் பிடித்தால் கீழே ஒரு ச தானாக வந்து உட்காரும். தார்த்தினி என்ற இத்தாலிய வயலின் கலைஞர் 1714 வாக்கிலேயே இதைக் கவனித்து, பின்னால் 1754-ல் தன் புத்தகத்தில் எழுதி வைத்தார், அவர் பெயரிலேயே அந்தச் சுரத்தை இன்றைக்கும் சொல்கிறார்கள். இரண்டு பேரும் மிக நெருக்கமான சுரங்களைப் பிடித்தால் இன்னொன்று நடக்கும். 440-ம் 444-ம் சேர்ந்தால் நொடிக்கு நான்கு முறை சத்தம் ஏறி இறங்கும், தம்புரா சேர்க்கும்போது கேட்குமே ஒரு அலை, அதுதான். புதிய இசை எழுதுகிறவர்கள் இதைப் பிழையாகப் பார்ப்பதில்லை, வேண்டுமென்றே கால் சுரம் விலக்கி எழுதி அந்த அலையையே இசையாக்குகிறார்கள். அபஸ்வரம் என்று வாசகருக்குத் தோன்றியதில் பாதி இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரே வகைக் கருவி இரண்டு, கிட்டே நின்று ஊதும்போதுதான் இது இவ்வளவு தெளிவாக வரும். இரட்டை சாக்ஸபோனுக்கு எழுதுகிறவர்கள் உண்மையில் மூன்று பேருக்கு எழுதுகிறார்கள் என்று எனக்கு அன்று தோன்றியது.

முதல் பாதியில் கடைசியாக அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1967-ல் இரண்டு பியானோவுக்கு எழுதிய பியானோ ஃபேஸ், இவர்களே சாக்ஸபோனுக்கு மாற்றிக்கொண்டது. 12 சுரங்கள் கொண்ட ஒரு சின்ன வரி. இருவரும் சேர்ந்து அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். ஒருவர் வேகத்தை மாற்றவே மாட்டார். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத அளவில் வேகம் கூட்டி, ஒரு சுரம் முன்னால் போய் நிற்பார். அப்புறம் இன்னொரு சுரம். இப்படி 12 முறை நகர்ந்தால் பழைய இடத்துக்கே வந்து இருவரும் சேர்ந்துவிடுவார்கள். தாளம் இல்லை என்று எழுதிய வாசகர் இதைக் கேட்டிருந்தால் எனக்கு இந்தக் கடிதத்தில் பாதி மிச்சமாகியிருக்கும், தாளத்தைத் தவிர அதில் வேறு எதுவுமே இல்லை. பியானோவுக்கு மூச்சு வாங்க வேண்டாம், சாக்ஸபோனுக்கு வேண்டும். கன்னத்தில் காற்றை அடக்கி அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். நம் ஊரில் நாயனத்துக்குச் சுருதியாக ஒத்து ஊதுகிறவர் மணிக்கணக்கில் செய்கிற வேலைதான். ஆனால் ஒத்தில் ஒரே சுரம். இங்கே விரல் ஓடிக்கொண்டே இருக்கும்போது அதைச் செய்ய வேண்டும், எனக்கு அது கடைசி வரை சரியாக வரவில்லை என்பதால் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளை. டீயும் வர்க்கியும். சிறப்பு விருந்தினர் பின் வரிசையில் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னாராம். ஐம்பது பேர் உட்காரும் ஹாலில் பின் வரிசை என்பது நாலாவது எட்டில் வந்துவிடும், அங்கே ஆல்டோ சாக்ஸபோன் கேட்கவில்லை என்றால் அது அவர் பேசிக்கொண்டிருந்ததால்தான், நானே பார்த்தேன். எப்படியோ, ஆடியோக்காரர் வந்தார், கருவியின் வாய்க்கு, அதாவது விரிந்த முனைக்கு, நேராக ஆளுக்கொரு மைக், மூலையில் ஆள் உயரப் பெட்டி.

அப்புறம் நடந்ததை மூன்றாகப் பிரித்துச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் வருகிறபடி சொல்கிறேன். சாக்ஸபோனின் சத்தம் அதன் வாய் வழியாக மட்டும் வருவதில்லை. பித்தளையில் செய்திருந்தாலும் அது ரீடு வைத்து, துளைகளைத் திறந்து மூடி வாசிக்கிற கருவி. எந்தத் துளை திறந்திருக்கிறதோ அங்கிருந்தும் சத்தம் வரும். எல்லாவற்றையும் மூடி வாசிக்கும் அடிச் சுரம்தான் முழுக்க வாய் வழியாக வருவது. வாய்க்கு நேராக மைக்கை வைத்தால் அடிச் சுரம் இடிக்கும், நடுச் சுரம் மெலியும், வாசிக்கிறவர் சமன் செய்து வைத்ததெல்லாம் குலைந்துபோகும். இரண்டாவது, இருவரும் இடமும் வலமுமாக நிற்பது கேள்வி பதிலாக வாசிப்பதற்குத்தான். இரண்டு சத்தமும் ஒரே பெட்டியிலிருந்து வந்தால் யார் கேட்டார், யார் பதில் சொன்னார் என்று ஒன்றும் புரியாது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஆம்ப்ளிஃபயரைத் தாங்கும் அளவுக்கு மேல் திருகியிருந்தார்கள். அளவுக்கு மீறித் திருகிய ஆம்ப்ளிஃபயர், தனக்குள் வரும் இரண்டு சுரங்களின் கூட்டல் கழித்தலில் புதிய சுரங்களைத் தானே உண்டாக்கிக் கலந்துவிடும். முதல் பாதியில் காதுக்குள் மெல்லிசாக வந்து நின்ற அந்த மூன்றாவது சத்தம், இரண்டாம் பாதியில் பெட்டிக்குள்ளிருந்து நாலாவது ஐந்தாவது சத்தங்களோடு கரகரவென்று வந்தது. வாசகர் காதைக் கிழித்தது இதுதான். அவர் காது நல்ல காது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இத்தனைக்கும் இரண்டாம் பாதியில் ரியோ நோடாவின் முராசாகி நோ ஃபுச்சியை வைத்திருந்தார்கள். நோடா ஜப்பானியர், அவரே சாக்ஸபோன் கலைஞர். ஷாகுஹாச்சி என்கிற ஜப்பானிய மூங்கில் குழலின் வாசிப்பைச் சாக்ஸபோனுக்குள் கொண்டுவந்தவர். அவருடைய இசையில் ஒரு சுரம் காற்றிலிருந்து பிறக்கும், நடுவில் நடுங்கும், திரும்பக் காற்றாகவே போய்விடும். அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பும் வாசிப்பில் சேர்த்தி. மூச்சுச் சத்தம், சாவியை விரலால் தட்டும் சத்தம், நாக்கால் ரீடைச் சொடுக்குவது, எல்லாம் இந்த மாதிரி இசையில் உண்டு. சின்ன ஹாலில் அவை காதைக் கூர்மையாக்கும். மைக்கில் சாவிச் சத்தம் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்தது போல இருந்தது. ஒருவர் சாவியைத் தட்டிக்கொண்டு நின்றார், கருவி ரிப்பேரா என்று கேட்டிருக்கிறார் வாசகர். அப்படித்தான் தோன்றியிருக்கும். யாரைக் குற்றம் சொல்வது?

புரியாத இசையை எல்லாம் தூக்கிப் பிடிக்கிற ஆள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் பாதியில் வந்த கடைசி உருப்படி, இருவரும் தங்களுக்காகச் சமீபத்தில் எழுதி வாங்கியதாம், எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே விரலமைப்பில் இரண்டு மூன்று சுரங்கள் சேர்ந்து கத்துகிற மல்டிஃபோனிக் என்று ஒரு வித்தை இருக்கிறது, உதட்டையும் தொண்டையையும் வைத்துச் செய்வது, கஷ்டமான வித்தைதான். ஆனால் வித்தை தெரியும் என்பதைக் காட்டுவதற்கே ஒரு உருப்படியா? மைக் இல்லாமல் கேட்டிருந்தாலும் எனக்குப் பிடித்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். புத்தகத்தைப் பார்த்து வாசித்தார்கள் என்ற குறையை மட்டும் ஏற்க மாட்டேன். மேடையிலேயே கற்பனையாக வாசிக்கும் மனோதர்மத்துக்கு அந்த இசையில் வேலை இல்லை, எழுதியவர் கால் சுரம் வரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நாடகக்காரர் வசனத்தை மாற்றாமல் பேசுவது போலத்தான். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துதான் வர வேண்டும் என்று நாம் சட்டம் போட முடியாது.

சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் எங்கே, இவர்கள் எங்கே என்றும் கேட்டிருக்கிறார் வாசகர். கத்ரி மேல் அவருக்கு இருக்கும் மரியாதை எனக்கும் உண்டு. நாகஸ்வரக்காரரின் மகன், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து அதன் பின்னாலேயே போனவர், சாவி வைத்த கருவியில் சுரத்தை வளைத்து அசைக்கும் கமகத்தை உதட்டால் கொண்டுவந்தவர், 1994-ல் லண்டனில் பிபிசி ப்ராம்ஸ் விழாவில் வாசித்தவர், 2019-ல் நம்மை விட்டுப் போய்விட்டார். ஆனால் அதே கத்ரிதான், அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு சேர்ந்து, ஆல்டோவுக்கு ஆல்டோவாக, 2008-ல் கின்ஸ்மென் என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அவர் யாரையும் எங்கே என்று கேட்கவில்லை, பக்கத்தில் நிறுத்தி வாசித்தார்.

இரட்டையாக ஊதுவதைக் கேட்பது நமக்கு ஒன்றும் புதுசு இல்லையே. கோயிலில் எப்போது ஒற்றை நாயனம் கேட்டிருக்கிறோம்? திருவீழிமிழலை சகோதரர்கள், சேதுராமன் பொன்னுசாமி என்று இரட்டையாகவே நினைவில் நிற்கிற பெயர்கள் எத்தனை. அதுவும் நாணல்தான், நாயனத்தின் ஊதும் முனையான சீவாளிக்குக் காவிரிக்கரை நாணல் என்றால், சாக்ஸபோன் ரீடுக்குப் பிரான்ஸின் தென்கரை நாணல். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், நம் நீலகிரியிலேயே கோத்தர் பழங்குடியினர் இருக்கிறார்கள். அய்யனோர் அம்மனோர் திருவிழாவில் இரண்டு கொள், அதாவது நாயனம் போன்ற குழல், சேர்ந்து ஒலிக்க, பறைகளும் கொம்பும் கூடவர, ஆட்கள் வட்டமாக ஆடுவதை இந்த மலையில் இருக்கிறவர்கள் பார்த்திருப்பார்கள். மைக் கிடையாது. இரண்டு கொள்ளும் அச்சு அசலாக ஒரே சுருதியில் இருக்காது, அதனால் வருகிற அந்த அதிர்வை நெஞ்சில் உணரலாம். ஊட்டி ஹாலில் ஹிண்டமித்தின் மெதுவான பகுதியைக் கேட்டபோது எனக்கு வியன்னாவோ பாரிஸோ ஞாபகம் வரவில்லை, நான் அங்கெல்லாம் போனதும் இல்லை. கொள் சத்தம்தான் ஞாபகம் வந்தது.

அதனால்தான், இதற்குப் பதில் உள்ளூர் குழுவை மேடையேற்றலாமே என்ற வாசகரின் பேச்சில் எனக்குப் பாதி சம்மதம், பாதி சம்மதம் இல்லை. மேடையேற்றுங்கள், கட்டாயம். அந்த 'பதில்' எதற்கு? கோடை விழாவில் தாவரவியல் பூங்கா மைதானத்தில் நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பீக்கர், ஒரே சத்தம், படுகர் ஆட்டத்துக்கும் அதே, சினிமாப் பாட்டுக்கும் அதே, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரதத்துக்கும் அதே. மைதானத்தில் ஆயிரக்கணக்கில் சுற்றுலாக்காரர்கள் நடமாடும்போது ஸ்பீக்கர் இல்லாமல் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். எல்லாமே மைதானத்தில்தான் நடக்க வேண்டுமா? ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் நூறு பேர் உட்காரக்கூடிய பழைய ஹால்கள், பள்ளி அரங்குகள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன. மரத் தரையும் உயரக் கூரையுமாக, மைக் என்ற ஒன்று வருவதற்கு முன்னால் கட்டியவை, கட்டியவர்களுக்கு ஒருவர் நின்று பேசினால் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அமைப்பாளர்களுக்கு ஒன்றிரண்டு. மைக் வேண்டாம் என்று கலைஞர்கள் சொன்னால் விட்டுவிடுங்கள், விருந்தினர் என்ன சொன்னாலும் சரி, அவரை முன் வரிசைக்கு மாற்றி உட்கார வையுங்கள். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே ஹீட்டரைப் போட்டு ஹாலைச் சூடாக்குங்கள், வாசிக்கிறவர்களுக்கும் நல்லது, கேட்கிறவர்கள் பல் தந்தியடிக்காமல் இருப்பார்கள். வாசிக்கப் போவது என்ன, யார் எப்போது எழுதியது என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். அன்று கொடுத்த தாளில் ஆங்கிலமும் இடையில் ஜெர்மன் தலைப்புகளும்தான் இருந்தன. பத்திரிகைக்கும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: பொன்னாடை போர்த்தியவர்கள் பெயரை வரிசையாகப் போட்ட செய்தியில், வாசித்தவை என்ன என்று ஒரு வரி இல்லை. ஹிண்டமித் பெயர் போட்டிருந்தால் உங்கள் வாசகர்களில் பத்துப் பேராவது தேடிக் கேட்டிருப்பார்கள்.

என் ஆசை ஒன்று, நடக்குமா தெரியவில்லை. அடுத்த முறை இந்த மாதிரி யாராவது வரும்போது, அதே ஹாலில், மைக் இல்லாமல், முதல் பாதியில் கோத்தர்களின் கொள், இரண்டாம் பாதியில் சாக்ஸபோன் என்று வைக்கலாம். அவர்களுக்குச் சம்மதம் இருந்தால்தான், கோயிலுக்கென்றே இருக்கும் மெட்டுகளை மேடையில் கேட்கக் கூடாது, எதை வாசிப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். இரண்டு தரப்புக்கும் ஒரே சம்பளம், அதையும் அழைக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். வெளியூர்க் கலைஞருக்கு விமான டிக்கெட்டும் ஹோட்டலும், உள்ளூர்க் கலைஞருக்கு பஸ் கட்டணமும் ஒரு சால்வையும் என்ற வழக்கம் நம் மலையில் இன்னும் போகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேண்டுக்காரர் ஒருவர்,
வெலிங்டன், நீலகிரி.